மிளகாய்ச் செடியின் குளிர்காலக் கணக்கு

டொராண்டோவில் அக்டோபர் மாதத்து ஓர் இரவு வெப்பநிலை சுழி டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால், மறுநாள் காலையில் மிளகாய்ச் செடியைப் பார்க்கச் சகிக்காது. முந்தின நாள்வரை காய்த்துக் குலுங்கிய செடி, வெந்நீரில் முக்கியெடுத்த கீரை போல இலைகள் கருத்துத் தொங்க நிற்கும். ஓராண்டுச் செடிதானே, அதன் காலம் முடிந்தது என்று பிடுங்கி எருக்குவியலில் போடுவதுதான் அங்கே பொதுவழக்கம். இந்த முடிவுக்குச் செடியின் பெயரே சாட்சி சொல்வது போலத் தோன்றும். 1753இல் லின்னேயஸ் அதற்கு வைத்த பெயர் கேப்சிகம் ஆன்னுவம். ஆன்னுவம் என்றால் ஓராண்டுக்கு உரியது. ஆனால் அவர் சுவீடன்காரர். ஐரோப்பியத் தோட்டங்களில் பனி வந்ததும் மடிகிற செடிக்கு அப்பெயர் பொருந்தியிருக்கலாம். செடியின் இயல்புக்குப் பொருந்தவில்லை. மிளகாய் பல்லாண்டு வாழும் குறுமரம். கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் கொல்லைப்புறத்துக் காந்தாரிச் செடி ஆண்டுக்கணக்கில் நின்று காய்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பெயர் விஷயத்தில் மிளகாய்க்கு ராசியே கிடையாது என்றும் சொல்லலாம். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த செடியை 1542இல் வெளிவந்த தமது மூலிகை நூலில் ஜெர்மானியர் லெயோன்ஹார்ட் ஃபுக்ஸ் கோழிக்கோட்டு மிளகு என்றார். 1776இல் யாக்கின் என்ற தாவரவியலாளர் இன்னொரு மிளகாய் இனத்துக்குச் சீனத்தைச் சேர்ந்தது எனப் பொருள்படும் சைனென்ஸ் என்ற பெயரைச் சூட்டினார். கோழிக்கோடும் சீனமும் மிளகாயின் பயணவழியில் வந்த இடங்கள். பிறந்த இடங்கள் அல்ல. அதே வகையில் ஓராண்டு என்பதும் குளிர் விதித்த கெடு. செடியின் ஆயுள் அல்ல.

ஆகவே குளிர்நாட்டில் மிளகாயைக் குளிர்காலம் கடத்திவிட முடியும். தோட்டப் பிரியர்கள் பலர் செய்கிறார்கள். முயன்று தோற்பவர்களும் பலர். தோற்றவர்களின் கதைகளைக் கவனித்தால் ஒரு விநோதம் புலப்படும். வீட்டுக்குள் வந்த செடி குளிரில் சாவது அரிது. பெரும்பாலும் அது வரவேற்பறையில், ஹீட்டருக்குப் பக்கத்தில், நாள்தோறும் நீர் ஊற்றிப் பரிவோடு பார்த்துக்கொள்ளப்படும் இடத்தில்தான் சாகிறது. வெப்பநாட்டுச் செடிக்கு வெப்பம் கொடுத்தால் பிழைக்கும் என்று நினைப்பது இயல்பு. அந்த நினைப்பே செடியைக் கொல்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். வெளிச்சம் இல்லாத இடத்தில் வெப்பம் செடிக்குக் கடன். வெளிச்சம் குறைந்தால் வெப்பத்தையும் குறைத்தாக வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ளச் செடியின் வரவு செலவைப் பார்க்க வேண்டும். வரவு ஒன்றே ஒன்று: இலை வெளிச்சத்தைக் கொண்டு சமைக்கும் சர்க்கரை. செலவு சுவாசம். இலை, தண்டு, வேர் எல்லாமே உயிரோடிருக்க இரவும் பகலும் அந்தச் சர்க்கரையை எரித்துக்கொண்டே இருக்கின்றன. டிசம்பர் கடைசியில் டொராண்டோவில் பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை. நண்பகலிலும் சூரியன் தொடுவானத்துக்கு மேலே 23 டிகிரிதான் ஏறுகிறது. அதே நாளில் சென்னையில் 53 டிகிரி ஏறும். அந்தச் சாய்ந்த, பெரும்பாலும் மேகம் மறைத்த வெளிச்சத்தில் ஒரு பகுதியே சன்னல் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வரும். கோடைநாள் நண்பகலில் வெட்டவெளியில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு ஒளி விழுகிறது என்றால், குளிர்காலத்தில் அறை நடுவே சில நூறு லக்ஸ் கிடைத்தாலே அதிகம். நம் கண்ணை நம்பி இதை மதிப்பிட முடியாது. இருட்டுக்கேற்பக் கண்மணி விரிந்து, விழித்திரை பழகி, மங்கலான அறையையும் நமக்குப் போதுமான வெளிச்சமாகக் காட்டிவிடும். இலைக்கு அந்த வசதி இல்லை. வெயில் விரும்பும் செடிகளின் இலை தன் சுவாசச் செலவை ஈடுகட்டவே ஓரிரு ஆயிரம் லக்ஸ் வேண்டும். அதற்குக் கீழே போனால் சேமிப்பைக் கரைத்துத்தான் வாழ வேண்டும். வரவு இவ்வளவு சுருங்கிய பிறகு செலவை நிர்ணயிப்பது வெப்பநிலை. தாவரத் திசுக்களின் சுவாசம், பொதுவாக வெப்பநிலை பத்து டிகிரி உயர்ந்தால் ஏறக்குறைய இரட்டிக்கும். 22 டிகிரி அறையில் நிற்கும் செடி, 12 டிகிரியில் நிற்கும் செடியைப்போல் சுமார் இருமடங்கு செலவழிக்கிறது. வரவோ இரண்டுக்கும் ஒன்றுதான். போதாக்குறைக்கு, வெதுவெதுப்பு செடியை வளரச் சொல்கிறது. வெளிறி, நெட்டையாக, கணுக்களுக்கிடையே இடைவெளி நீண்டு, நிற்கத் தெம்பில்லாத கிளைகளை விடுகிறது. அது செழிப்பு அல்ல. ஒளியைத் தேடி ஓடும் ஓட்டம்.

இதிலிருந்து இரண்டு வழிகள் தெளிவாகின்றன. ஒன்று, வெப்பத்தோடு வெளிச்சத்தையும் கூட்டுவது, அதாவது விளக்கு. மற்றது, இரண்டையும் குறைப்பது. இலைகளை நீக்கிவிட்டு, 10 முதல் 13 டிகிரி வரை உள்ள இடத்தில், அரைகுறை வெளிச்சத்தில் செடியைச் சும்மா இருக்க வைப்பது. எளியதும் மலிவானதும் இதுவே. இந்த எல்லைக்கும் காரணம் உண்டு. சுமார் பத்து டிகிரிக்குக் கீழே மிளகாயின் வளர்ச்சி நின்றுவிடும். ஐந்துக்குக் கீழே போனால், உறையாமலேயே சேதம் தொடங்கும். செல்லைச் சூழ்ந்த சவ்வு கொழுப்பால் ஆனது. நெய் குளிரில் உறைவதுபோல, வெப்பநாட்டுச் செடிகளின் சவ்வும் குறைந்த வெப்பநிலையில் இளக்கம் இழந்து இறுகுகிறது. ஊடே போய்வரும் உப்புகளும் நீரும் கட்டுப்பாடிழந்து கசிகின்றன. ஆகவே குளுமை வேண்டும், கடுங்குளிர் கூடாது. கனடிய வீடுகளில் ஹீட்டர் காற்று வராத பேஸ்மென்ட் மூலை, வீட்டோடு ஒட்டிய கராஜ், கண்ணாடி அடைத்த முன்திண்ணை இவற்றில் ஏதேனும் ஒன்று பெரும்பாலும் இந்த அளவில் இருக்கும். ஒரு சாதாரண வெப்பமானியை ஒரு வாரம் அங்கே வைத்துப் பார்ப்பது ஊகிப்பதைவிட மேல். கராஜில் ஜனவரிக் கடுங்குளிர் இரவு ஒன்றே காரியத்தைக் கெடுத்துவிடும்.

வெயில்நாட்டுச் செடியை மொட்டையடித்து இருட்டறையில் வைப்பது வதை அல்லவா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆப்பிள், மேப்பிள் மரங்களுக்குக் குளிர்கால உறக்கம் என்பது மரபிலேயே எழுதப்பட்ட நியதி; குளிர்காலம் வருமுன்பே அவை ஆயத்தமாகின்றன. மிளகாய்க்கு அப்படிப்பட்ட உறக்கம் கிடையாது. நாம் செய்வது உறங்கவைப்பது அல்ல, பசியையும் உழைப்பையும் ஒருசேர நிறுத்திவைப்பது. ஆனால் இந்த நிலை அதற்கு முற்றிலும் அந்நியமும் அல்ல. ஆன்னுவம் இன மிளகாய்களின் காட்டு மூதாதை சில்டெபின் எனப்படும் பட்டாணி அளவுக் காய் காய்க்கும் புதர். மெக்சிகோவின் சொனோரா மாநிலத்திலும் அரிசோனாவின் தென்விளிம்பிலும் அது மெஸ்கீட் போன்ற மரங்களின் நிழலில் வளர்கிறது. அரிசோனாவில் கோரனாடோ தேசிய வனத்தின் ஒரு பள்ளத்தாக்கைக் காட்டு மிளகாய்க்கென்றே 1999இல் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே வறட்சியில் செடி இலையுதிர்க்கிறது. சில குளிர்காலங்களில் உறைபனியும் விழுகிறது. மேல்பாகம் கருகிப்போகும், அடுத்த பருவத்தில் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். மேலே இருக்கும் மரத்தின் கவிகை பனியின் கடுமையைத் தணிக்கிறது. கவாத்துக் கத்தரியும் பேஸ்மென்ட் கூரையும் செய்வது ஏறக்குறைய அதே வேலைதான்.

கவாத்து எங்கே என்பதைச் செடியின் கட்டுமானமே சொல்லிவிடுகிறது. விதையிலிருந்து எழும் மிளகாய் முதலில் ஒற்றைத் தண்டாக வளரும். எட்டு முதல் பன்னிரண்டு இலைகள் விட்டபின் உச்சியில் முதல் பூ தோன்றும். அந்தப் பூவோடு தண்டின் பயணம் முடிந்தது. பூவின் இருபுறத்திலிருந்தும் இரண்டு கிளைகள் புறப்பட்டுக் கவண்கோல் போன்ற ஒரு கவை உண்டாகும். பின்பு ஒவ்வொரு கிளையும் ஒரு பூவில் முடிந்து மீண்டும் இரண்டாகும். முழுச் செடியும் இந்தக் கவைகளின் பெருக்கமே. இலை இருந்த ஒவ்வொரு கணுவிலும், இலைக்கும் தண்டுக்கும் நடுவில், எழக் காத்திருக்கும் ஒரு மொட்டு ஒளிந்திருக்கிறது. எனவே முதல் கவைக்கு மேலே இரண்டு, மூன்று கணுக்களை விட்டு மீதியை வெட்டினால், ஒரு சாண் உயரக் கவட்டைக் குச்சி மிஞ்சும். வசந்தத்துக்கு வேண்டிய மொட்டுகள் எல்லாம் அதில் உண்டு. வெட்டுவாயிலிருந்து அடுத்த கணுவரை தண்டு காய்ந்து போவது வழக்கம், ஆகவே கணுவை ஒட்டி வெட்டாமல் விரற்கடை தள்ளி வெட்ட வேண்டும். இரவு வெப்பநிலை பத்து டிகிரியை நெருங்கத் தொடங்கியதும், உறைபனிக்கு முன்பே, இதைச் செய்துவிட வேண்டும். காய்களைப் பச்சையோ பழமோ பறித்துவிட்டு, வேர்ப்பந்தை அகழ்ந்தெடுத்து, தோட்டத்து மண்ணை உதறி, குழாய் நீரில் அலசி, நீண்டு சுருண்ட வேர்களைக் கத்தரித்து, இரண்டு மூன்று லிட்டர் தொட்டியில் புதிய கலவையிட்டு நட வேண்டும். இந்த இடத்தில் ஒரு சின்ன வேடிக்கை. கனடியக் கடைகளில் தொட்டிக் கலவைக்கென்று விற்கும் தென்னை நார்க்கழிவுக் கட்டிகள் பெரும்பாலும் இலங்கையிலிருந்தும் பொள்ளாச்சி போன்ற ஊர்களிலிருந்தும் கப்பலேறி வந்தவை. மெக்சிகோவில் பிறந்த செடி கொங்கு நாட்டுத் தென்னந்தோப்பின் மிச்சத்தில் வேரூன்றிக் கனடாவின் பனியைக் கடக்கிறது.

பிறகு நீர். இங்கேதான் கை துறுதுறுக்கும். இலை இல்லாத செடி ஏறக்குறைய நீர் குடிப்பதே இல்லை. நீராவிப்போக்கு இலைவழியே நடப்பது. ஊற்றிய நீர் மண்ணிலேயே தங்கி, மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்றை வெளியேற்றுகிறது. மூச்சுமுட்டும் குளிர்ந்த வேரில் பித்தியம் போன்ற அழுகல் நுண்ணுயிர்கள் ஏறுகின்றன. மேலே குச்சி பச்சையாகவே இருக்கும், கீழே வேர் கூழாகிக்கொண்டிருக்கும். மார்ச் மாதத்தில்தான் இழப்பு தெரியவரும். தொட்டியைக் கையில் தூக்கி எடையைப் பார்ப்பது நல்ல அளவுகோல். நீரூற்றிய அன்றைய எடையை நினைவில் வைத்துக்கொண்டு, இறகுபோல் இலேசானபின் மட்டும் ஒரு தம்ளர் ஊற்றினால் போதும். குளுமையான இடத்தில் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறைதான் அது நேரும். உரம் அறவே வேண்டாம். உயிர் இருக்கிறதா என்ற ஐயம் வந்தால் தண்டின் தோலை நகத்தால் இலேசாகச் சுரண்டலாம். உள்ளே பச்சை தெரிந்தால் சரி. பழுப்பாக உலர்ந்திருந்தால், பச்சை வரும்வரை கீழே கீழே சுரண்டிப் பார்க்க வேண்டும்.

இலைகளை நீக்கச் சொல்வதற்குச் சிக்கனம் மட்டும் காரணமல்ல. வீட்டுக்குள் வரும் மிளகாயின் பெரிய எதிரி அசுவினி. இலையடியில் ஒட்டியிருக்கும் பச்சை அசுவினிக்குக் குளிர்கால வீடு சொர்க்கம். பொறிவண்டு இல்லை, மழை இல்லை, காற்று இல்லை. இனப்பெருக்கத்துக்கு ஆணும் தேவையில்லை. பெண் பூச்சி தானாகவே பெண் குஞ்சுகளை உயிரோடு ஈனும், அவை ஒன்றரை வாரத்துக்குள் தாயாகும். ஒன்று முப்பது ஈனுவதாக வைத்துக்கொண்டால் மூன்றாம் தலைமுறையில் இருபத்தேழாயிரம். கண்ணுக்குத் தப்பிய ஒரே ஒரு பூச்சி கிறிஸ்துமஸுக்குள் செடியை மூடிவிடுவது இப்படித்தான். ஹீட்டரின் உலர்ந்த காற்று சிலந்திப்பேனுக்கும் மிகவும் பிடிக்கும். நுண்ணிய வலையும் புள்ளிபுள்ளியாய் வெளுத்த இலையும் அதன் அடையாளம். இலையே இல்லாத குச்சியை, மென்மையான சோப்புக் கரைசலில் கழுவிக் குளுமையில் வைத்தால் இவற்றுக்கு உணவும் இல்லை, பெருகும் வேகமும் இல்லை. பூச்சிகளின் பெருக்கமும் வெப்பநிலையைப் பொறுத்ததுதான்.

விளக்கு வாங்கி வைத்துக் குளிர்காலம் முழுவதும் காய்க்கவே விட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. முடியும், செய்கிறார்கள். குளுமையான மூலையே இல்லாத அடுக்குமாடி வீட்டில் அதுதான் ஒரே வழியும்கூட. ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். 100 வாட் எல்இடி விளக்கு நாளுக்கு 14 மணி நேரம், 150 நாள் எரிந்தால் 210 யூனிட் மின்சாரம். இலை இருக்கும், ஆகவே அசுவினியும் இருக்கும், வாராவாரம் இலையடியைப் புரட்டிப் பார்க்கும் வேலையும் இருக்கும். மகரந்தம் உதிரத் தேனீயோ காற்றோ இல்லாததால் பூக்களை விரலால் தட்டிவிட வேண்டும். ஒரு கைப்பிடிக் காய்க்கு இது விலை அதிகம். பனிக்கால நடுவில் சன்னலோரம் ஒரு பச்சைச் செடியைப் பார்க்கும் இன்பத்துக்கு அதிகமில்லை என்று ஒருவர் சொன்னால் அதையும் மறுக்க முடியாது. கூடாதது ஒன்றுதான்: வெப்பமும் இருட்டும் சேர்ந்த நடுவழி. வரவேற்பறை மேசை அந்த நடுவழியில் இருக்கிறது. கனடாவிலும் லண்டனிலும் தமிழர் வீடுகளில் கறிவேப்பிலைச் செடியைக் குளிர்காலத்தில் உள்ளே வைத்துக் காப்பவர்களுக்கு இந்தத் தர்க்கம் பழகியதுதான். சன்னலோரத்தில் இலையுதிர்த்து நின்ற செடியைச் செத்ததென்று தூக்கி எறியாமல் பொறுத்திருந்தவர்களுக்கு வசந்தத்தில் துளிர் கிடைத்திருக்கும்.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. விதை மலிவு, மார்ச்சில் விதைத்தால் போகிறது, இத்தனை பாடு எதற்கு? பதில் பணத்தில் இல்லை, காலத்தில் இருக்கிறது. டொராண்டோவில் விக்டோரியா தினம் வரும் மே மூன்றாம், நான்காம் வாரத்தில்தான் வெப்பநாட்டுச் செடிகளைத் தைரியமாக வெளியே நடுவார்கள். அக்டோபரில் பனி. இடையில் ஐந்து மாதம்கூட முழுதாக இல்லை. ஹபனேரோ, ஸ்காட்ச் பானெட், இலங்கையின் நை மிரிஸ் போன்ற சைனென்ஸ் இன மிளகாய்கள் முளைக்கவே சில வாரம் எடுக்கும், நாற்றாக இரண்டு மாதம், நட்டபின் பழுக்க மூன்று நான்கு மாதம். பிப்ரவரியில் விதைத்தாலும் செப்டம்பரில்தான் சிவக்கும். பறிக்கத் தொடங்கும்போதே பருவம் முடியும். வேரும் தண்டும் தயாராக உள்ள இரண்டாம் ஆண்டுச் செடி ஜூனிலேயே பூத்துவிடும். ஆண்டீஸ் மலைச்சரிவின் ரொகோட்டோ, இன்னும் நிதானமானது. கருவிதையும் மயிரடர்ந்த இலையும் உள்ள இந்தப் புபெசென்ஸ் இனம் குளுமையான இரவுக்குப் பழகியது, ஆகவே காத்து வைக்க மிகத் தோதானதும் அதுவே. மாறாக, ஹலபென்யோ, கயென் போன்ற விரைந்து காய்க்கும் வகைகளுக்கு லாபம் குறைவு. குடைமிளகாய்க்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். விதை மலிவு என்ற வாதத்தில் வேறொரு ஓட்டையும் உண்டு. மிளகாய் தன்மகரந்தச் சேர்க்கை செய்வதுதான் என்றாலும், அருகே வேறு வகை இருந்தால் தேனீ கலந்துவிடும். கலப்பின விதைகளோ அடுத்த தலைமுறையில் பிரிந்துபோகும். பிடித்துப்போன ஒரு செடியின் காய் மறுபடி அப்படியே வேண்டுமென்றால் அந்தச் செடியையே வைத்திருப்பதைவிட உறுதியான வழி இல்லை.

அப்படியானால் பெருவிவசாயிகள் ஏன் இதைச் செய்வதில்லை? ஒன்டாரியோவின் லீமிங்டன் சுற்றுவட்டாரத்துக் கண்ணாடிக் கூடங்களில் குளிர்காலத்தில் நட்ட குடைமிளகாய், ஆண்டின் பெரும்பகுதி காய்த்தபின் பிடுங்கப்படுகிறது. அது செடி கிழமாகிவிட்டதால் அல்ல. கூடத்தைக் காலி செய்து, கழுவி, பூச்சியும் நோயும் இல்லாமல் மறுபடி தொடங்க வேண்டும். ஏக்கர் கணக்கில் ஒரே சீரான செடிகள் வேண்டும். இந்தக் காரணத்தில் வீட்டுத் தோட்டக்காரரும் கொள்ள வேண்டிய ஒரு பங்கு இருக்கிறது. பச்சையும் மஞ்சளுமாய்த் திட்டுத்திட்டாகி, இலை சுருண்டு, தேமல் நோய் கண்ட செடியைக் காத்து வைப்பது நோயைக் காத்து வைப்பதாகும். வைரஸ் செடிக்குள்ளேயே குளிர்காலம் கடக்கும், வசந்தத்தில் அசுவினியோ கவாத்துக் கத்தரியோ அதைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோகும். அத்தகைய செடி எருக்குவியலுக்குக்கூடப் போகாமல் குப்பைக்குப் போவதே முறை. காத்து வைக்கும் செடி நோயற்றதாக இருக்க வேண்டும். கையளவு தடித்த அடித்தண்டு வேண்டாம், சுண்டுவிரல் பருமன் போதும். ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்வது நல்லது, எல்லாம் பிழைப்பதில்லை.

பிப்ரவரிக் கடைசியில் பகல் பதினோரு மணி நேரத்தை எட்டும்போது கணக்கு திரும்புகிறது. இனி வெப்பத்தையும் கூட்டலாம். தொட்டியைத் தெற்குச் சன்னலுக்கு, இருபது டிகிரி அறைக்கு நகர்த்தி, வெதுவெதுப்பான நீர் ஊற்றினால் இரண்டொரு வாரத்தில் கணுக்களில் ஊசிமுனைப் பச்சை தெரியும். சில குச்சிகள் ஏப்ரல்வரை அசையாமல் இருந்து பிறகு துளிர்ப்பதும் உண்டு, ஆகவே சுரண்டிப் பார்த்துப் பச்சை இருக்கும்வரை தூக்கிப் போடக் கூடாது. துளிர் விட்டபின்தான் உரம்; அதுவும் பாதி அளவில். உள்ளேயே விரிந்த இலைகள் மெல்லியவை, கண்ணாடி வடிகட்டிய வெளிச்சத்தையே அறிந்தவை. மே மாதத்து நேர் வெயிலில் ஒரேயடியாக வைத்தால் புற ஊதாக் கதிர் பட்டு வெளுத்துக் காகிதம்போல் உலரும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு காலை வெயிலில் இரண்டு மணி நேரம் என்று பத்து நாள் பழக்க வேண்டும். அப்படியும் சில இலைகள் உதிரும். அதைப் பார்த்து மறுபடி உள்ளே தூக்கிக்கொண்டு போக வேண்டாம். வெளியில் விடும் புது இலைகள் பிறக்கும்போதே தடித்துக் கரும்பச்சையாக இருக்கும்.